வாசலில் பறித்த போத்தல்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

பாடசாலையில் சோடாவை நிறுத்திய கதையை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். ஓய்வு பெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு வெற்றிக் கதை இருக்கும். என்னிடமும் இருக்கிறது. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பெண்கள் பாடசாலை. அதன் சிற்றுண்டிச்சாலையில் இருந்த இனிப்புப் பானங்களை இரண்டே வாரத்தில் வெளியேற்றினேன். பயிற்சி வகுப்புகளில் இதைச் சொல்லிப் பலமுறை கைதட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் எப்போதும் பாதியிலேயே நிறுத்திவிடுவேன். மிச்சத்தைச் சொன்னால் கைதட்டு வராது என்பது எனக்குத் தெரியும். இப்போது வீட்டில் சும்மா இருக்கிறேன். கைதட்டை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன்? முழுவதையும் எழுதுகிறேன்.

அது யுத்த காலம். நான் கொட்டாஞ்சேனையில் குடியிருந்தேன். வெள்ளவத்தைக்கு வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் வழியில் இரண்டு மூன்று இடங்களில் பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, மறுபடி ஏற வேண்டும். எனக்கே அந்தப் பாடு என்றால் பிள்ளைகளைச் சொல்ல வேண்டுமா? விடியுமுன்பே எழுப்பி, அரைத் தூக்கத்தில் சப்பாத்தைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். பாதிப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வரும். இடைவேளை மணி அடித்ததும் ஒரு ரோல்ஸ், ஒரு சோடா. பகல் சாப்பாட்டுப் பெட்டியை அப்படியே திருப்பிக் கொண்டுபோகும் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தப் பாடசாலையில் மருத்துவப் பரிசோதனைக்காக வாயைத் திறக்கச் சொன்னபோது, ஒன்பது வயதுப் பிள்ளைகளின் கடைவாய்ப் பற்களைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. போரை என்னால் நிறுத்த முடியாது, சோடாவை நிறுத்தலாம் என்று அன்றே முடிவு கட்டினேன்.

சிற்றுண்டிச்சாலையை நடத்தியவர் செல்லம்மா அக்கா. மலையகத்திலிருந்து கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்தவர். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கை. இனிப்பாக எதுவும் இருக்கக் கூடாது என்றதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

“ஏங்க சேர், வெயில்ல விளையாடிட்டு ஓடியாருதுங்க. சோடா இல்லேன்னா என்னத்தங்க குடிக்கும்?”

“தண்ணி குடிக்கட்டும். கொதிச்சாறின தண்ணி. இலைக்கஞ்சி காய்ச்சுங்கோ.”

“கஞ்சியா? நீங்க வந்து ஊட்டி விடுங்க.”

அவர் முணுமுணுத்தாலும் செய்தார். முதல் வாரம் கஞ்சி முழுவதும் மிஞ்சியது. இரண்டாவது வாரம் பாதி மிஞ்சியது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அதற்குள் பிள்ளைகள் என் தலைக்கு மேலால் போய்விட்டார்கள். பெருந்தெருவான காலி வீதியின் கடைகளில் சோடாவும் கலர்த் தண்ணீரும் வாங்கி, தண்ணீர்ப் போத்தலில் ஊற்றிக்கொண்டு உள்ளே வரத் தொடங்கினார்கள். சிற்றுண்டிச்சாலையில் கஞ்சி, வகுப்பறையில் சோடா.

இங்கேதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது.

அந்தக் காலத்தில் கொழும்பில் பல பாடசாலைகளின் வாசலில் ஒரு மேசை இருக்கும். பெற்றோர் முறை வைத்து வந்து நின்று, ஒவ்வொரு பிள்ளையின் பையையும் திறந்து பார்ப்பார்கள். குண்டு இருக்கிறதா என்று ஆறு வயதுப் பிள்ளையின் பையில் தேடிய காலம் அது. எங்கள் பாடசாலையில் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்தால், மூடியைத் திறந்து ஒரு மிடறு குடித்துக் காட்ட வேண்டும். பெற்றோலோ வேறெதுவோ அல்ல, குடிக்கிற தண்ணீர்தான் என்பதற்கு அது சாட்சி. சோதனைச் சாவடிகளில் பெரியவர்களும் அப்படித்தான் குடித்துக் காட்டினோம். ஒருவருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

எப்படியும் போத்தலைத் திறக்கிறார்கள்தானே, கலர்த் தண்ணீரா என்பதையும் அப்படியே பார்த்துவிடட்டும் என்று நினைத்தேன். அதிபர் அம்மாவிடம் கேட்டேன். அவர் சற்று யோசித்து, “போகேக்கை திருப்பிக் குடுக்கவேணும்” என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். வாசல் மேசைக்குக் கீழே ஒரு பெரிய நீலப் பேசின் வைத்தோம். நிறத்தைப் பார்த்தோ, பிள்ளையைக் கேட்டோ இனிப்பு என்று தெரிந்தால் போத்தல் பேசினுக்குள் போகும். வீட்டுக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம். முதல் நாள் பேசின் நிறைந்தது. மூன்றாம் நாள் கால்வாசிதான் நிறைந்தது. எனக்கோ தலைகால் புரியவில்லை. என் கையில் ஒரு சட்டம் இல்லை, சுற்றறிக்கை இல்லை; ஆனால் வாசலில் ஆயுதம் தேடுகிற மேசை ஒன்று முழு அதிகாரத்தோடு எனக்காக வேலை செய்துகொண்டிருந்தது. அந்த அதிகாரம் எதற்காக வந்தது, அதன் முன்னால் ஒரு பிள்ளை வாயைத் திறந்து மறுத்துப் பேசுமா என்று நான் யோசிக்கவேயில்லை.

நாலாம் நாள் காலை, கஞ்சி எப்படிப் போகிறது என்று பார்க்க அங்கே போயிருந்தேன். இடைவேளைக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. நான் சிற்றுண்டிச்சாலையில் நிற்கும்போது குண்டு வெடித்த சத்தம் கேட்டது. நகரத்தின் நடுப்பக்கமாக, தூரத்தில். யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. செல்லம்மா அக்காவின் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. அடுத்த கணம் மாடியிலிருந்து பிள்ளைகள் கத்தும் சத்தம்.

வாசலைப் பூட்டினார்கள். பிள்ளைகள் அனைவரையும் கீழ் மண்டபத்துக்கு இறக்கினார்கள். பைகள் வகுப்பறையிலேயே இருக்கட்டும், ஒருவரும் மேலே போகக்கூடாது, தாயோ தகப்பனோ நேரில் வராமல் எந்தப் பிள்ளையையும் வெளியே விடுவதில்லை. இவையெல்லாம் முன்பே தீர்மானித்து வைத்திருந்த விதிகள். தொலைபேசி அழைப்புகள் ஒன்றும் போய்ச் சேரவில்லை. காலி வீதியில் வாகனங்கள் நின்றுவிட்டன. இடைவேளை என்ற ஒன்று அன்று வரவேயில்லை.

மண்டபத்தில் அழாத பிள்ளை இல்லை. சத்தம் வந்த கோட்டைப் பக்கம் தகப்பன் வேலை செய்கிற பிள்ளைகள் இன்னும் கூடுதலாக அழுதார்கள். சிலர் வாந்தி எடுத்தார்கள். இரண்டு பேர் மயங்கி, முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழும்பினார்கள். நான் வரிசை வரிசையாகப் போய், நாடியைப் பிடித்து, தண்ணீர் கொடுத்து, “ஒண்டுமில்லை, அம்மா வருவா” என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எத்தனை பேரிடம் சொன்னேனோ தெரியாது.

பகல் பன்னிரண்டு மணியளவில் ஏழாம் வகுப்பு ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். சுபா என்று ஒரு பிள்ளை. மெலிந்த, அமைதியான பிள்ளையாம். அன்று ஆசிரியையின் கையைத் தட்டிவிட்டு, “என்னைத் தொடாதேங்கோ” என்று சீறியிருக்கிறது. சட்டைக் கழுத்து வியர்வையில் நனைந்திருந்தது.

“வழமையா வாயே திறக்காத பிள்ளை சேர். பயத்திலை குழம்பிப்போச்சு” என்றார் ஆசிரியை.

“ஓம், பயம்தான். கொஞ்சம் படுக்க விடுங்கோ. நித்திரை கொண்டால் சரியாயிடும்” என்றேன்.

சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனேன்.

இந்த இடத்தைத்தான் நான் பயிற்சி வகுப்புகளில் சொல்வதில்லை. அந்தப் பிள்ளையைப் படுக்க வைத்துத் தூங்கச் சொன்னது நான்தான். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் அம்மாவைக் கேட்டு அழுதுகொண்டிருந்தார்கள். இந்தப் பிள்ளை யாரையும் கேட்கவில்லை, அழவில்லை, ஆசிரியையின் பெயரை மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. என் கண்ணுக்கு முன்னால் எல்லாம் இருந்தது. ஆனால் சுற்றிவரப் பயந்த பிள்ளைகள் இருந்தபடியால் இதையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டேன். நெருக்கடியில் எல்லாருக்கும் ஒரே காரணத்தைச் சொல்லிவிட நமக்கு அவ்வளவு ஆசை. நீங்களும் சொல்வீர்கள், பாருங்கள்.

இதற்குப் பிறகு நடந்தது என் சாமர்த்தியத்தால் நடந்ததல்ல. அன்று வாசல் முறைக்கு வந்திருந்தவர் ராணி அக்கா. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாய், வாசல் பூட்டியதும் எங்களோடு உள்ளேயே மாட்டிக்கொண்டவர். அவர் மண்டபத்துக்குள் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு வந்து, என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“சேர், ஏழாம் வகுப்பிலை ஒரு மெல்லிய பிள்ளை. ரெட்டைப் பின்னல். எங்கை இருக்குது?”

“ஏன் அக்கா?”

“மனசு கேக்குதில்லை சேர். மற்றப் பிள்ளையள் எல்லாம் போத்திலைத் தந்திட்டுச் சிரிச்சுக்கொண்டு போகுதுகள். இது ‘அன்ரி, இதை மட்டும் விடுங்கோ’ எண்டு கெஞ்சினது. ஏனெண்டு கேட்டன். ஒண்டுமில்லை எண்டுபோட்டு அழுதுகொண்டு போச்சுது. ஒரு குட்டி மருந்துப் போத்தில் சேர். நடுவிலை பிளாஸ்ரர் ஒட்டிக் கோடு கீறியிருக்கு. சோடா குடிக்கிற பிள்ளை கோடு கீறிக் குடிக்குமா?”

அளந்து குடிக்க வேண்டிய இனிப்பு. வியர்வை. குழப்பம். காலையிலிருந்து சாப்பாடு இல்லை. பயிற்சிக் காலத்தில் பொரளையில் ஆஸ்பத்திரி வார்ட்டில் இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். இன்சுலின் ஊசி போடுகிற பிள்ளை. சுபாவுக்கும் ஊசி காலையிலேயே உள்ளே போய், இரத்தத்தில் சீனி இறங்கிக்கொண்டிருக்கிறது. சாப்பாடு மாடியில் பைக்குள் இருக்கிறது. அவசரத்துக்கென்று தாய் கரைத்துக் கொடுத்த சீனித் தண்ணீர் என்னுடைய நீலப் பேசினுக்குள் இருக்கிறது.

வாசலுக்கு ஓடினேன். அப்படி நான் அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை. பேசினைக் கவிழ்த்தேன். சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று போத்தல்கள் உருண்டன. காவலுக்கு நின்ற பொலிஸ்காரர், “மொகத மாத்தயா?”, என்ன ஐயா, என்று சிங்களத்தில் அதட்டினார். “பேஹெத்! ளமயட பேஹெத்!” என்று கத்தினேன். பிள்ளைக்கு மருந்து என்றதும் அவரும் குனிந்து தேடத் தொடங்கிவிட்டார். அந்தப் போத்தலை எடுத்து என் கையில் தந்தவர் அவர்தான்.

திரும்பி வரும்போது பிள்ளை நான் சொன்னபடியே நல்ல பிள்ளையாகத் தூங்கிக்கொண்டிருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன். “சுபா! சுபா!” கண் பாதி திறந்தது. ஆசிரியை பதறிப்போய், “வாயிலை ஊத்துங்கோ சேர், கெதியா ஊத்துங்கோ” என்றார். எனக்கும் ஊற்றத்தான் கை போனது. ஆனால் தன்னால் விழுங்க முடியாத பிள்ளைக்கு ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும். நிமிர்த்தி உட்கார வைத்து, முதலில் விரலில் நனைத்து உதட்டில் தடவினேன். காத்திருந்தேன். நாக்கு வெளியே வந்து நக்கியது. தொண்டை அசைந்தது. ஒரு சொட்டு. மறுபடி ஒரு சொட்டு. பிறகு ஒரு சின்ன மிடறு. காலையில் தண்ணீர்தான் என்று நிரூபிக்கக் குடித்துக் காட்டச் சொன்ன அதே மிடறு.

கோடு வரைக்கும் குடித்து முடிக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது. அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை, பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். ராணி அக்கா பிள்ளையைத் தன்மேல் சாய்த்து வைத்திருந்தார். எனக்குக் கடவுள் நம்பிக்கை அவ்வளவாக இல்லை. அன்று கொட்டாஞ்சேனையில் இருக்கிற எல்லாக் கோயிலுக்கும், மாதா கோயில் உட்பட, நேர்த்தி வைத்தேன். இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த வேலையில் இருக்க மாட்டேன் என்றும் நினைத்தேன். அது பெருந்தன்மை இல்லை, பயம்.

முதலில் வியர்வை நின்றது. பிறகு கண்கள் ஓரிடத்தில் நிலைத்தன. பிள்ளை அண்ணாந்து ராணி அக்காவைப் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு கேட்டது.

“அன்ரி, போகேக்கைதானே திருப்பித் தருவம் எண்டனீங்கள்?”

ராணி அக்கா ஓவென்று அழத் தொடங்கிவிட்டார். நான் சிரித்தேன், அழுதேன், இரண்டும்தான். உயிர் திரும்பி வந்தது அந்தப் பிள்ளைக்கு மட்டுமல்ல.

ஆனால் சீனித் தண்ணீர் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும், சாப்பாடு வேண்டும். பைகளைத் தொடக்கூடாது என்பது விதி. அதிபர் அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு படியேறினார்.

“மேடம், ஒருத்தரும் மேலை போகக்கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?” என்றேன்.

“சொன்னனான்தான். காலமை எல்லாப் பையும் வாசலிலை திறந்து பாத்ததுதானே. பிறகு என்னத்துக்கு இந்தப் பயம்? நீர் வாரும், பெட்டியளைத் தூக்க ஆள் வேணும்.”

முதலில் சுபாவின் பெட்டி வந்தது. இடியப்பமும் பருப்பும். பிறகு ஆசிரியர்களும் ஏறி இறங்கி எல்லாப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிகளையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். செல்லம்மா அக்கா கஞ்சிப் பானையோடு வந்தார். காலையிலிருந்து அழுது களைத்த பிள்ளைகள் ஒருவர் பெட்டியில் ஒருவர் கைவைத்துச் சாப்பிட்டார்கள். மண்டபத்தில் அழுகை நின்று, சண்டைச் சத்தம் கேட்கத் தொடங்கியது. பிள்ளைகள் சண்டை பிடிப்பது அவ்வளவு இனிமையான சத்தம் என்று எனக்கு அதுவரை தெரியாது. கஞ்சி முழுவதும் முடிந்தது. “பாத்தீங்களா சேர், ஊட்டி விடாமலே குடிச்சிருச்சுங்க” என்றார் செல்லம்மா அக்கா.

சுபாவின் தாய் மூன்றரை மணிக்கு வந்தார். பொரளையில் ஒரு கந்தோரில் வேலை. பஸ் இல்லாமல் அங்கிருந்து நடந்தும் ஓடியும் வந்திருக்கிறார். செருப்பு அறுந்து, கையில் இருந்தது. பிள்ளையைக் கண்டதும் முதலில் நெற்றியைத் தொட்டு வியர்வை இருக்கிறதா என்று பார்த்தார். பிறகுதான் கட்டிப்பிடித்தார். அவரைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னேன்.

“அம்மா, அந்தப் போத்திலை எடுக்கச் சொன்னது நான்தான். வாசலிலை நிண்டவவிலை பிழை இல்லை. பிள்ளை மயங்கின நேரம் நித்திரை கொள்ளட்டும் எண்டு சொன்னதும் நான்தான்.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு பிள்ளைக்குச் சொன்னது நான். பொம்பிளைப் பிள்ளை சேர். நாளைக்குக் கலியாணம் பேசேக்கை, சீனி வருத்தம் எண்டு தெரிஞ்சால் ஆர் வருவினம்? அதுக்காகத்தான் மறைச்சனான். சாகிற நேரத்திலையும் என்ர பிள்ளை என்ர சொல்லைக் கேட்டிருக்கு, பாருங்கோ.”

போகும்போது, வகுப்பில் யாருக்காவது தெரியுமா என்று மட்டும் கேட்டார். மயங்கியதைக் கண்டிருக்கிறார்கள், காரணம் தெரியாது என்றேன். அதிபருக்குச் சொல்லியாக வேண்டியிருந்தது என்பதையும் சொன்னேன். தலையை ஆட்டினார்.

அன்று மாலை அதிபர் அம்மாவிடம், எல்லாவற்றையும் பழையபடி விட்டுவிடுவோம், சோடாவும் வரட்டும் என்றேன். அவ்வளவு நொந்துபோயிருந்தேன். அவர் என்னை முறைத்துப் பார்த்தார். “கஞ்சியிலை என்ன பிழை? கன்ரீனிலை என்ன பிழை? உம்மட பிழை வாசலிலை. அதை மட்டும் திருத்தும்” என்றார். என் பிழையை அளந்து வெட்டித் தந்த அந்த மனுஷிக்கு இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன். நீங்களும் ஒரு திட்டம் சறுக்கியதும் முழுவதையும் தூக்கி எறிய ஓடாதீர்கள். சறுக்கியது எந்த இடத்தில் என்று பாருங்கள். சோடா அந்தச் சிற்றுண்டிச்சாலைக்குத் திரும்பி வரவில்லை. பேசின் மட்டும் செல்லம்மா அக்காவிடம் பாத்திரம் கழுவப் போனது. பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவருவதைப் பற்றிப் பெற்றோரைக் கூட்டி வைத்துக் கதைத்தோம். மெதுவாகத்தான் குறைந்தது. குறைந்தது. ஒரு பிள்ளையின் கையிலிருந்து ஒன்றை வாங்கும் முன், அது ஏன் அந்தக் கைக்கு வந்தது என்று கேட்கப் பழகினேன். ‘ஒண்டுமில்லை’ என்று பதில் வந்தால், இன்னொரு முறை கேட்பேன்.

பாடசாலை மறுபடி தொடங்கிய திங்கட்கிழமை காலை நான் வாசலில் நின்றேன். முறை இல்லாத நாளிலும் ராணி அக்கா வந்திருந்தார். பிள்ளைகள் நீண்ட வரிசையில் நின்றார்கள். சுபா வந்தது, நாலைந்து அடி தள்ளித் தாய். ராணி அக்கா பையைத் திறந்து, உள்ளே அந்தச் சின்னப் போத்தலைக் கண்டதும், ஒருவரும் பார்க்காதபடி சட்டென்று பையை மூடி, “போ பிள்ளை, போ” என்றார்.

பிள்ளை போகவில்லை. பையைத் திரும்பத் திறந்து, போத்தலை வெளியே எடுத்தது.

“அன்ரி, இது சீனித் தண்ணி. எனக்குச் சீனி வருத்தம். நான் குழம்பிக் கதைச்சால் இதைத் தரவேணும்” என்றது. வரிசை முழுவதுக்கும் கேட்கும்படியாகச் சொன்னது.

தாய் வாயைப் பொத்திக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு சுபாவுக்குப் பின்னால் நின்ற அவளுடைய வகுப்புப் பிள்ளை, கோபத்தோடு அவளின் பின்னலைப் பிடித்து இழுத்தாள்.

“இவ்வளவுதானா? விசரி! நீ சாகப்போறாய் எண்டு நாங்கள் மூண்டு நாளா அழுதனாங்கள்.”

சுபா சிரித்தாள். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். தாய் அப்படியே வீதியோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். ராணி அக்கா பதறிப்போய் அருகே போனார்.

“என்ன அக்கா, தலை சுத்துதா?”

“இல்லை” என்றார் அந்தத் தாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இனி ஒருத்தருக்கும் ஒளிக்கத் தேவையில்லை. அதுதான் கொஞ்சம் இருக்கிறன்.”